பசை தடவாத அட்டைகள்

மதுரை சிம்மக்கல்லில் பழ மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில்தான் கம்பெனி இருந்தது. கீழே அச்சு மிஷின், மேலே பைண்டிங். பேய் நாவல் போடுகிற கம்பெனி. மாதம் ஒரு புத்தகம்.

எழுபதுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தாவது வரை படித்திருந்தேன். செல்லூரில் வீடு. நானும் அம்மாவும்தான். காலையில் ஆற்றில் இறங்கி மணலில் நடந்தால் சிம்மக்கல் வந்துவிடும். அச்சான தாளை மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது. இதுதான் வேலை. மேலே நாங்கள் பெண்கள் நாலைந்து பேர். கீழே எழுத்துக் கோக்கிற அண்ணன் ஒருவர், மிஷின்காரர் ஒருவர்.

அந்தக் கம்பெனியை இப்போது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலாளி முதலில் அதே சந்தில் வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை வைத்திருந்தார். குடும்பக் கதைகள் போனபடியே திரும்பி வரும். பேய்க் கதைகள் முதுகு உடைந்து வரும். படித்தவர்கள் கை நடுங்கியா, பத்துப் பேர் கை மாறியா, தெரியாது. முதுகு உடைந்த புத்தகமாகப் பார்த்து எடுத்து அடுக்கினார். எல்லாம் பேய். பிறகு ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டார். அப்படித்தான் கம்பெனி வந்தது.

கதை எழுதியவர் தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். பொம்பளை பெயரில் எழுதுவார். மத்தியானம் சைக்கிளில் வந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்.

"சார், நெசமாவே பேயப் பாத்திருக்கீகளா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"எங்க ஆபீசரப் பாக்குறதே போதும்மா" என்றார்.

கதையை எழுதிவிட்டு அட்டை போடுவதுதான் ஊர் வழக்கம். எங்கள் கம்பெனியில் அட்டைதான் முதலில் வரும். கலர் அட்டையை எங்கள் மிஷினில் அடிக்க முடியாது. சிவகாசிக்குப் போக வேண்டும். அங்கே ஒரே ஒரு அட்டை என்றால் கையில் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு பெரிய தாளில் ஆறு அட்டைகளைச் சேர்த்து அடித்து வெட்டி வாங்குவார் முதலாளி. அரை வருஷத்துக்கான அட்டை ஒரே நாளில் லாரியில் வந்து இறங்கும். கிளார்க் சார் அதைப் பார்த்துத்தான் கதை எழுதுவார். அட்டையில் கிணறு இருந்தால் கதையில் கிணறு. புளியமரம் இருந்தால் புளியமரம். அட்டை வந்த பிறகு எதையும் மாற்ற முடியாது.

படம் போட்டவர் ஒரு ஆர்ட்டிஸ்ட். சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவர். காலண்டரைப் பார்த்துத்தான் பொம்பளை முகம் வரைவார். எல்லாம் கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். பேய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள் அவர் மேலே வந்து உட்கார்ந்தார். நான் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மொதலாளி, இந்தப் புள்ள மொகம் நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா எப்படி?"

"அதுல ஒண்ணுமே இல்ல. அதான் நல்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதிகம் சிரிக்கிறவள் இல்லை.

அட்டைக்கு உன்னைப் படம் எடுக்கலாமா என்று முதலாளி கேட்டார். சரி என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மாடியில் தாள் அடுக்கிய அறையில் படம் எடுத்தார்கள். உச்சிவெயில். கூரைக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு இடத்தில் வெளிச்சம் விழுந்தது. அந்த இடத்தில் நிற்க வைத்தார்கள். முதலாளி வீட்டிலிருந்து வெள்ளைச் சேலை வந்தது. முடியை அவிழ்த்துவிட்டார்கள்.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டேன்.

"எங்கிட்டும் பாக்காத" என்றார் போட்டோ எடுத்தவர்.

அது எப்படி என்று தெரியவில்லை. முயற்சி செய்தேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது.

அந்தப் போட்டோக்களைப் பார்த்து ஆர்ட்டிஸ்ட் ஆறு அட்டை வரைந்தார். ஆறிலும் நான். சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கின. சுவரோரம் என் முகமாக அடுக்கினார்கள்.

அட்டை ஒட்டுவது என் வேலை. பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. புத்தகத்தின் முதுகில் தடவி, அட்டையைச் சுற்றி, ஒரு துணியால் மேலிருந்து கீழே அழுத்தித் துடைக்க வேண்டும். சுருக்கம் இருக்கக்கூடாது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு இழுப்பு. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். நாள் முழுவதும் என் முகத்தை நானே துடைத்தேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் கை அதே வழியில் போனது. நெற்றியிலிருந்து தாடைக்கு. பிறகு இடம், வலம். சுருக்கம் இருக்கிறதா என்று விரல் தேடும்.

கீழே இருந்த அண்ணன் தினமும் ஏதாவது சொல்வார்.

"ஏத்தா பேயி, காப்பியா டீயா?"

"ரத்தம்தான் வேணும்ணே."

"அதுக்கு மொதலாளியத்தான் கேக்கணும். எங்ககிட்ட இருந்தத அவரு எப்பவோ உறிஞ்சுட்டாரு."

புத்தகம் வெளியே போனது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். காற்றடித்தால் வரிசையாக ஆடும். ஒரு சாயங்காலம் பக்கத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அப்பால் போய் நின்றாள். நான் பஸ் ஏறவில்லை. நடந்தே போனேன்.

புத்தகம் நன்றாக ஓடியது. முதலாளிக்குச் சந்தோஷம். உசிலம்பட்டிப் பக்கம் கடைகளுக்குப் புத்தகம் போடுகிற ஏஜெண்ட் ஒரு நாள் வந்தார். இன்னும் கட்டு வேண்டும் என்றார். ஒரே ஊருக்கு.

"அந்த ஊர்ல அம்புட்டுப் பேரா படிக்கிறாய்ங்க?" என்று கேட்டார் முதலாளி.

"படிக்கல மொதலாளி. வாங்குறாய்ங்க. அட்டைய மட்டும் உரிச்சுக்கிட்டு புத்தகத்த எங்கிட்டயே குடுத்துடறாய்ங்க. வேணாமாம்."

பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். உரித்த புத்தகங்கள். முதுகில் என் பசை காய்ந்து தெரிந்தது.

கொஞ்ச நாளில் அந்த ஊரிலிருந்து ஒரு அம்மாளும் மகனும் வந்தார்கள். அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மகன் இளந்தாரி. மாடிப்படிக்குக் கீழேயே செருப்பை விட்டார்கள். எங்கள் கம்பெனியில் யாரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அம்மாள் மேலே வந்ததும் அடுக்கியிருந்த அட்டைகளுக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். மேலே இருந்த முகத்தை முந்தானையால் துடைத்தாள். நான் துடைப்பது போல இல்லை. மெதுவாக, கன்னத்தோடு.

"எம் புள்ள" என்றாள்.

மகன்தான் முதலாளியிடம் சொன்னான்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சுங்க. கல்யாணம் ஆகாமச் செத்துப்போச்சு. கெணத்துல. வீட்டுக் கன்னியா வச்சுக் கும்புடுறோம். ஊரும் கும்புடுது. ஓலப்பெட்டியில அது கட்டுன பாவாட இருக்கு, வளவி இருக்கு. மொகம்தான் இல்ல. போட்டோவே எடுத்ததில்லங்க. இப்பத்தான் மொகம் கெடச்சிருக்கு."

முதலாளி சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாங்கம்மா, படத்துல இருக்கறது இவதான். உசிரோட இருக்கா. நல்லாப் பாத்துக்கங்க."

அம்மாள் எழுந்து வந்தாள். என் மூச்சு அவள் மேல் படும் தூரத்தில் நின்றாள். பார்த்தாள். பிறகு ஒரு விரலால் என் இடது புருவத்தைத் தடவினாள்.

"இந்தத் தாயிக்குப் புருவம் முழுசா இருக்கே" என்றாள். "எம் மகளுக்குச் சின்னதுல கன்னுக்குட்டி முட்டி, புருவம் நடுவுல வெட்டுப்பட்டிருக்கும். அங்கிட்டு முடி மொளைக்காது. படத்தப் பாருங்க."

பார்த்தோம். இடது புருவத்தின் நடுவே ஒரு சின்ன வெட்டு. முடி இல்லை. கட்டுகளைப் பிரித்து மற்ற அட்டைகளையும் பார்த்தோம். ஆறிலும் இருந்தது. அத்தனை அட்டைகளை ஒட்டியிருக்கிறேன். அந்த இடத்தை என் துணியால் துடைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

"ஒடம்பு இந்தத் தாயிது. மொகம் எம் மகளுது" என்றாள் அம்மாள்.

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி" என்று முதலாளியிடம் சொன்னாள். "அவளப் பேயின்னு போடாதீக. பேயின்னு சொன்னா வீட்டுக்குள்ள வராது. கன்னின்னு கூப்புட்டாத்தான் உள்ள வரும். இந்தப் புத்தகம் வந்ததுலருந்து எம் புள்ள வாசல்லயே நிக்கிது. நான் கூப்புடுறேன். உள்ள வரமாட்டேங்குது."

"அட்டை அடிச்சாச்சும்மா. பாக்கி மாசத்துக்கும் இதான். இத விட்டா எனக்குக் கம்பெனியே இல்ல."

"எனக்கும் அவள விட்டா வேற பொம்பளப்புள்ள இல்ல தம்பி."

முதலாளி குனிந்துகொண்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பிரஷ்ல முடி விலகியிருக்கும்" என்றார்.

"ஆறுலயுமா?"

"ஒண்ணப் பாத்துத்தானே இன்னொண்ண வரைஞ்சேன்."

அது நியாயம்தான். போட்டோக்களை எடுத்துப் பார்த்தார்கள். போட்டோவில் என் புருவம் முழுசாக இருந்தது. ஆர்ட்டிஸ்ட் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு டீ குடிக்கப் போனவர் ரொம்ப நாள் எங்கள் சந்துப் பக்கம் வரவில்லை.

அடுத்த மாத அட்டையில் நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பேன். கிளார்க் சாருக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. அட்டையைப் பார்த்துக் கதை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் எடுக்க வருகிறவர்களைக் கிணற்றுக்குள் இழுக்கிற பேய்.

"கெணறு வேண்டாமே சார்" என்றேன். அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"பேய்க் கதையில கெணறு இல்லாமயா? அட்டையிலேயே இருக்கேம்மா."

அந்தப் புத்தகமும் வெளியே போனது. ஒட்டியது நான்தான்.

தைப் பொங்கல் கழிந்ததும் மகன் மட்டும் வந்தான். என்னிடம் வந்து நின்றான். தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"வீட்ல கன்னிக்குப் படைக்கிறோம். அம்மா உங்கள வரச் சொல்லுச்சு."

"அம்மா எப்படி இருக்காக?"

"வாசக்கதவச் சாத்தவே விடமாட்டேங்குது. ராவும் பகலும் தெறந்துதான் கெடக்கு. அதுகிட்டயே ஒக்காந்திருக்கு."

வீட்டில் சொன்னேன். என் அம்மா திட்டினாள்.

"உசிரோட இருக்கறவ படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்காளுக. அங்க போய்ச் சோறு திங்கப் போறியா? கூறுகெட்டவளே."

"போயிட்டு வாரேன்" என்றேன்.

என் முகத்தை அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

செக்கானூரணி தாண்டி, உள்ரோட்டில் கொஞ்ச தூரம் நடை. இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு. அறுத்த சோளத்தட்டை. கண்மாய்க் கரை ஏறி இறங்கினால் ஊர். மகன் எனக்கு முன்னால் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் எதிரே வந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சில வீடுகளில் கதவுக்கு மேல் அட்டையை ஒட்டியிருந்தார்கள். எழுத்தையெல்லாம் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். பேய் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. முகம் மட்டும் இருந்தது. தெருவில் நான் போக, ஒவ்வொரு வாசலிலும் எங்கும் பார்க்காமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் நிலைப்படிக்கு உட்புறம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

"வா தாயி."

உள்ளே சட்டம் போட்ட படம். சந்தனம், குங்குமம், மாலை. கீழே ஓலைப்பெட்டி. விளக்கு எரிந்தது. என் முகத்துக்கு முன்னால் நான் நின்றேன். கும்பிடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

படத்துக்கு முன்னால் ஒரு இலை. எனக்குத் தள்ளி ஒரு இலை. சர்க்கரைப் பொங்கல், பணியாரம், முருங்கைக்கீரை. நான் சாப்பிடுவதை அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"நல்லாச் சாப்புடு. நீ அவ இல்லன்னு எனக்குத் தெரியும். பயந்துக்காத" என்றாள்.

அதுவரை எனக்குப் பயம் இல்லை. அவள் சொன்ன பிறகுதான் வந்தது.

சாப்பிட்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு உதவி செய்யி தாயி. நீ வெளிய போயி நின்னு, அவளக் கூட்டிக்கிட்டு உள்ள வா. ஒங்கூட வந்தாலும் வருவா."

"கூட்டிக்கிட்டுன்னா எப்படி?"

"வான்னு சொல்லிட்டு நடந்து வா. அம்புட்டுத்தான்."

வெளியே போனேன். வெயில் நன்றாக இருந்தது. வாசல் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஒன்றும் இல்லை. ஒரு கோழிகூட இல்லை. "வா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தேன்.

அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். கூட வந்த இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தாள். நான் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் போனது. அம்மாள் தலையை ஆட்டினாள்.

"நிக்கிறா. வரமாட்டேங்குறா. அங்க இன்னமும் பேயின்னுதானே அடிக்கிறாக."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் மதுரை வரை காலியாகவே வந்தது. கூட்டம் இருந்தது. நின்றுகொண்டு வந்தார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அடுத்த மாதப் புத்தகம் தைத்துத் தயாராக இருந்தது. பசை சூடாக இருந்தது. நான் துணியை எடுக்கவில்லை.

"ஒட்டல மொதலாளி" என்றேன்.

"என்னது?"

"இந்த அட்டைய ஒட்ட மாட்டேன்."

"ஒம் மொகம் புள்ள அது. ஒம் மொகத்துல நீ பசை தடவுறதுக்கு என்ன?"

"எம் மொகம் இல்ல."

"அப்ப யாரு மொகம்?"

பசைச் சட்டியைத் தள்ளி வைத்தேன். மற்றவர்களிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவளும் துணியைக் கீழே வைத்தாள். "சாமி மொகத்துல பசை தடவ மாட்டோம் மொதலாளி" என்றாள். எல்லோரும் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே அவர்கள் அட்டைக் கட்டுக்கு எதிரே கால் நீட்டி உட்காருவதை நிறுத்தியிருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கட்டின் ஓரத்தில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே இருந்த அண்ணன் என்னைப் பேய் என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதலாளி கத்தினார். வேறு ஆள் வைப்பேன் என்றார். சந்தில் விஷயம் பரவியிருந்தது. யாரும் வரவில்லை. கடைசியில் அவரே சட்டையைக் கழற்றிவிட்டுப் பசைச் சட்டிக்கு முன் உட்கார்ந்தார். எங்களைக் கீழே போகச் சொன்னார்.

பட்டப்பகல். நாங்கள் கீழே மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மேலே துணி இழுக்கிற சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. நின்றது. பிறகு ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

"ஏ புள்ள, இங்க வா." என்னைத்தான் கூப்பிட்டார்.

போனேன். ஒட்டிய புத்தகங்கள் கொஞ்சம் வரிசையாக இருந்தன. பசைக் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கண்ணப் பாரு. நேத்தெல்லாம் எங்கிட்டும் பாக்காம இருந்துச்சுல்ல?"

"ஆமா."

"இப்ப எங்க பாக்குது?"

குனிந்து பார்த்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தது. ஆனால் அது என் கண். என் கண் எங்கே பார்க்கிறது என்று வெளியே நின்று எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியல மொதலாளி" என்றேன்.

"வாசலப் பாக்குது புள்ள."

அவருடைய குரலை அப்படி நான் கேட்டதில்லை. எழுந்து கை கழுவப் போனார். போகும்போது அட்டைக் கட்டுப் பக்கம் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்தார்.

அன்றே அந்த ஊருக்கு ஆள் விட்டார். இருக்கிற அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கம்பெனி அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடியது. அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரை வருஷத்தில் பாக்கி இருந்த மாதங்களுக்குப் படம் இல்லாமல் வெறும் மஞ்சள் தாளை அட்டையாக ஒட்டினோம். பாதிக் கடைக்காரர்கள் வாங்கவில்லை. அப்புறம் துப்பறியும் கதைக்கு மாறினார். அட்டையில் துப்பாக்கி, கார், தொப்பி. பொம்பளை முகமே வேண்டாம் என்றுவிட்டார். எண்பதுகளில் மெட்ராஸிலிருந்து நல்ல அச்சில் மாத நாவல்கள் வந்து குவிந்தன. எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. மிஷினை விற்றார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

முதலாளி விட்ட ஆள் போய்ச் சொன்னதும் அட்டைகளை எடுக்க மகன் வந்தான். மண்டியில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற வேன் ஒன்றைப் பிடித்து வந்திருந்தான். அவன் அம்மாள் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். கட்டுகளோடு பின்னால் உட்கார்ந்து போனேன்.

"என்ன செய்யப் போறீக?" என்று கேட்டேன்.

"எரிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. பொட்டலத்துக்குப் போடவும் முடியாது. சாமி. தண்ணியிலதான் விடணும்."

அந்த வருஷம் கண்மாய் நிறைந்திருந்தது. ஊர் ஆட்கள் கரையில் நின்றார்கள். கட்டைப் பிரித்துப் பிரித்து மகன் தண்ணீரில் விட்டான். வழவழப்பான தாள். முங்கவில்லை. கவிழ்ந்து விழுந்ததும் மெதுவாகப் புரண்டு மல்லாந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து கண்மாய் நடு வரை என் முகம். வெயிலில் மினுமினுவென்று ஆடிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு. காற்று கரைப்பக்கம் திரும்பியதும் எல்லாம் சேர்ந்து கரைக்கு வர ஆரம்பித்தன. சனம் பின்வாங்கியது. மகன் ஒரு நீளக் கம்பால் தள்ளித் தள்ளி விட்டான். தள்ளுவதும் வருவதுமாக இருந்தது. பிறகு தாள் ஊறிக் கனத்தது. சாயம் கரைந்து தண்ணீரில் ஓடியது. முதலில் முடி போனது. அப்புறம் சேலை. முகம் கடைசி வரை இருந்தது. பிறகு அதுவும் வெள்ளையாகி ஒவ்வொன்றாக முங்கியது.

கடைசித் தாள் முங்கும் வரை அந்த அம்மாள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ஊரைப் பார்த்து நின்றாள். "ஆச்சும்மா" என்று மகன் சொன்னதும் நடக்க ஆரம்பித்தாள்.

"எம் பின்னாலயே வா தாயி. பேசாத. திரும்பாத."

நடந்தேன். எனக்கும் பின்னால் ஈரக்காலின் சத்தம் கேட்டது. மகனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கம்பைப் போட்டுவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மாள் நிலைப்படிக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். நானும் இன்னொரு பக்கம் ஒதுங்கினேன். வழி விட்டோம்.

"கன்னி, உள்ள வாத்தா" என்றாள் அம்மாள்.

காத்திருந்தோம். காற்று இல்லை. உள்ளே எரிந்த விளக்கு ஒரு தடவை படுத்து எழுந்தது.

அம்மாள் உள்ளே போனாள். என்னை வா என்று சொல்லவில்லை. இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அப்போதுதான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு தட்டு எடுத்து வைக்கும் சத்தம். பிறகு பேச்சுச் சத்தம். அவள் பேசுவதும், நடுவில் நிறுத்துவதும், அப்புறம் சிரிப்பதும்.

நான் வெளியே நின்றேன்.

வெகுநேரம் கழித்துத்தான் மகன் தெருமுனையில் வந்தான். கையில் கம்பு இருந்தது. சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"வாங்கக்கா" என்றான். "பஸ்ஸு வர்ற நேரமாச்சு."

நடந்தோம்.